ஆம்புலன்ஸ் பணியாளரின் காயமும் படிவம் 12-உம்

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 108 சேவையானாலும் தனியார் ஆம்புலன்ஸ் ஆனாலும், ஓடும் வண்டியில் மருத்துவ உதவியாளரின் விரலில் ஊசி குத்துவதும், ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது ஓட்டுநருக்கு இடுப்பு பிடித்துக்கொள்வதும் தொழிலோடு ஒட்டிய ஆபத்துகளாகும். ஆயினும் காயத்தைவிட, அது அன்றே எழுத்தில் ஏறாமல் போவதே பின்னாளில் பெருங்கேட்டை விளைவிக்கிறது.

ஊசி குத்திய இடத்தைப் பிழியாமலும் வாயில் வைக்காமலும், ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவிவிட்டு, முறைப்பணி முடியட்டும் என்று காத்திராமல், நோயாளியை இறக்கிய அரசு மருத்துவமனையிலேயே மருத்துவரை அணுகவேண்டும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென அவர் கருதினால் அதை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நன்று. 72 மணி நேரத்துக்குப் பின் அது தரப்படுவதில்லை. தொடங்கிய பின் 28 நாளும் விடாமல் உட்கொள்ளவேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளை முடிக்காமலே ஒருவரை வண்டியில் ஏற்றும் நிர்வாகத்தை என்னவென்று சொல்வது!

அதே வேளையில், அவசரப் பிரிவின் விபத்துப் பதிவேட்டில், அதாவது பேச்சுவழக்கில் ஏ.ஆர். எனப்படுவதில், காயம் ‘பணியின்போது’ நேர்ந்தது என்ற சொல் இடம்பெறச் செய்து நகலுக்கு விண்ணப்பிக்கவேண்டும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாமல் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவர், நிர்வாகத்துக்கு எழுத்தில் தகவல் தந்து, விபத்து அறிக்கையான படிவம் 12 கிளை அலுவலகத்துக்குச் சென்றதா என்று தாமே கேட்டறியவேண்டும். அறிக்கையைத் தவிர்க்க விரும்பும் மேற்பார்வையாளர் ‘காய்ச்சல் என்று லீவு போட்டுக்கொள்’ என்பார். அதற்கு இணங்கினால், பணிக்காயத்துக்குரிய 90 விழுக்காட்டு ஊதிய ஈடு கைவிட்டுப் போய், நோய்க்குரிய 70 விழுக்காடு, அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரை மட்டுமே மிஞ்சும். ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே உள்ளோர், 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தை உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு தரும் உரிமையை, தொழிலாளர் துறையின் இணை அல்லது துணை ஆணையரிடம் ஈராண்டுக்குள் கோரவேண்டும். அங்கும் முதலில் கேட்கப்படுவது அன்றைய பதிவே. அன்றைய பதிவு இல்லையெனில், எத்தனை சாட்சிகள் வந்தாலும் வழக்கு தள்ளாடும்.

மனத்தின் காயத்துக்கு இத்தகைய படிவமே இல்லை. தொழில்சார் நோய்களின் அட்டவணையில் மனநோய் சேர்க்கப்படாதிருப்பதும், கருகிய உடல்களையும் இறந்த குழந்தைகளையும் ஏற்றியவரிடம் அடுத்த அழைப்புக்கு உடனே கிளம்பச் சொல்வதும் சட்டத்தின், நிர்வாகத்தின் கண்மூடித்தனங்கள். உறக்கமின்மையும், கண்ட காட்சி மீண்டும் மீண்டும் மனத்தில் எழுவதும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயாக இருக்கக்கூடும் என்பதால், அதனை மதுவால் அடக்க முயலாமல், 14416 என்ற டெலி மானஸ் எண்ணையோ மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ நாடி, புறநோயாளிச் சீட்டைத் தேதியுடன் பத்திரப்படுத்தவேண்டும். வேலை போய்விடும் என்றஞ்சித் தயங்குவோர் அறியவேண்டியது, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் மந்தணத்தை உரிமையாக்கியுள்ளது என்பதாகும். மேலாளர் தொலைபேசியில் நோயின் பெயரைக் கேட்டால், சட்டம் வகுத்த விதிவிலக்குகள் தவிர, நோயாளியின் இசைவின்றி மருத்துவமனை விடை தரலாகாது.