அப்பா விட்டுச்சென்ற சீமைக் கார்: விற்பதா, வைப்பதா, உடைப்பதா?

நம் சங்கத்து அன்பர்கள் சிலரின் வீட்டுப் பின்புறம் ஒரு பழைய ஷெட் இருக்கும். அதில் தார்ப்பாய் போர்த்திய ஒரு கார் நிற்கும். தந்தையாரோ மாமனாரோ ஓட்டிய வண்டி. வீட்டை இடித்துக் கட்டும்போதுதான் அதைப் பற்றிய பேச்சே எழும். அப்போது ஆளுக்கொன்று சொல்வார்கள். "பழைய கார் இப்போது லட்சக்கணக்கில் போகிறதாமே!" என்பார் ஒருவர். "குஜரிக்காரனைக் கூப்பிட்டுத் தள்ளிவிடு" என்பார் மற்றொருவர். இரண்டுமே பெரும்பாலும் தவறான யோசனை என்பதை நான் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். பிறருக்கு உதவுமே என்று இங்கே எழுதுகிறேன்.

என் தந்தையார் கோலார் தங்கவயலில் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தவர். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்டதும் பல ஆங்கிலேய அதிகாரிகள் ஊர் திரும்பினார்கள். அவர்களுள் ஒருவர் விட்டுச்சென்ற கார் கைமாறிக் கைமாறி 1968இல் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஸ்டாண்டர்டு வேன்கார்டு, 1952ஆம் வருட மாடல். ஓய்வுபெற்று அப்பா காக்ஸ் டவுனில் குடியேறியபோது அதுவும் கூடவே வந்தது. 2003க்குப் பிறகு ஓடவில்லை. 2021இல் அப்பா காலமானார். வீட்டை இடிக்க வேண்டிய கட்டத்தில் காருக்கு ஒரு வழி செய்தாக வேண்டியிருந்தது.

சென்னையிலிருக்கும் அக்கா தொலைபேசியில், "அப்பா காரை இரும்புக்குப் போட உனக்கு எப்படிடா மனசு வரும்?" என்று அழுதேவிட்டார். தம்பியோ, "நிற்க இடமில்லை, அண்ணா. சென்டிமென்ட் பார்த்தால் வீடு கட்ட முடியாது" என்றான். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் காரின் மதிப்பு என்ன என்பது எங்கள் மூவருக்குமே தெரியவில்லை.

எல்லாப் பழைய காருக்கும் விலை உண்டா?

பழமை மட்டும் விலை ஆகாது. ரோல்ஸ் ராய்ஸ், பென்ஸ், பெரிய அமெரிக்க கார்கள் என்றால் தேடி வருவார்கள். மோரிஸ் மைனர், ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்றவற்றிற்கு உலகெங்கும் ரசிகர் கூட்டம் உண்டு. உதிரிப் பாகமும் கிடைக்கும். ஹில்மன், வாக்ஸ்ஹால், ஆஸ்டின் ஏ-40, எங்கள் வேன்கார்டு இவையெல்லாம் இடைப்பட்ட சாதி. அந்தக் காலத்தில் நடுத்தர உத்தியோகஸ்தர் ஓட்டிய குடும்ப வண்டிகள். பார்க்க ஆடம்பரமில்லை, கேட்டுவரும் ஆளும் குறைவு.

வேன்கார்டு நல்ல வண்டிதான். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு கம்பெனி உலகப் போர் முடிந்த கையோடு வடிவமைத்தது. வெளிநாடுகளில் விற்பதே நோக்கம். எச்.எம்.எஸ். வேன்கார்டு என்ற போர்க்கப்பலின் பெயரைச் சூட்டினார்கள். முதுகு வளைந்த அமெரிக்கச் சாயல், 2088 சி.சி. எஞ்சின், மூன்று கியர். நம்மவர்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. பிற்பாடு ஹெரால்டு காரைத் தயாரித்த சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் ஆரம்பத்தில் வேன்கார்டைத்தான் பூட்டி விற்றது.

பிறகு ஏன் மதிப்பில்லாமல் போயிற்று? 1953இல் சுங்கவரிக் கமிஷன் ஒரு பரிந்துரை செய்தது. இந்தியாவிலேயே கார் உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்கள்தான் தொழிலில் தொடரலாம் என்பது அதன் சாரம். வெறுமனே பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி வந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அந்தச் சமயத்தில் வெளியேறின. இறக்குமதி வண்டிகளுக்கு உதிரிப் பாகம் வருவது அருகிப்போயிற்று. அம்பாசிடரும் ஃபியட்டும் தெருவை நிறைத்தன. எந்த வண்டிக்கு மூலைக் கடையில் பாகம் கிடைத்ததோ அதைத்தான் ஜனங்கள் விரும்பினார்கள். நம் வண்டி ஷெட்டுக்குள் போனது இப்படித்தான்.

விலை கணக்கிடுவது எப்படி?

பத்திரிகை விளம்பரத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையல்ல. ஒருவர் கொடுத்து வாங்கிச் சென்றதே விலை. அதுவும் ஓடுகிற, பளபளக்கிற வண்டியின் விலையை நம் ஷெட் வண்டிக்கு ஒப்பிடக் கூடாது. சரியான கணக்கு கழித்தல் கணக்கு. முழுதும் சீரமைத்தால் என்ன விலைக்குப் போகும் என்று பாருங்கள். அதிலிருந்து சீரமைக்கும் செலவு முழுவதையும் கழியுங்கள். மிஞ்சுவதே இன்றைய விலை.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். சீரான வண்டி 6 லட்சத்துக்குப் போகும் என்று வையுங்கள். டிங்கரிங், பெயிண்டிங்குக்கு இரண்டரை லட்சம், எஞ்சினுக்கு ஒரு லட்சம், வயரிங், சீட்டு வேலைக்கு 75 ஆயிரம், டயர், கண்ணாடி வகைக்கு 75 ஆயிரம், பேப்பர் செலவுக்கு 25 ஆயிரம். கூட்டினால் ஐந்தேகால் லட்சம். மிச்சம் 75 ஆயிரம்தான். சிலருக்கு இந்த மிச்சம் மைனஸில் போகும். அப்படிப்பட்ட வண்டியை லாபத்துக்காகச் சீரமைப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவதே. ஆசைக்காகச் செய்வது வேறு விஷயம்.

எதில் செலவு அதிகம் என்பதும் முக்கியம். எஞ்சின் அல்ல, துருதான் பெரிய எதிரி. தரைத் தகடு, கதவடிப் பகுதி, டிக்கி இவற்றை டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். வேன்கார்டில் பாடிக்கு அடியில் தனிச் சேஸிஸ் இருப்பது ஒரு நிம்மதி. இன்னொரு நிம்மதியை எனக்குச் சொன்னவர் வில்ஸன் கார்டனில் இருக்கும் ஒரு முதிய மெக்கானிக். "சார், இது டிராக்டர் எஞ்சின். பயப்படாதீங்க" என்றார். உண்மைதான். இதே எஞ்சின் ஃபெர்குஸன் டிராக்டரிலும் ஓடியது. சிலிண்டர் லைனர்களைக் கழற்றிப் புதிதாக மாற்றும் அமைப்பு. ஆகவே ஜே.சி. ரோட்டிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் காரின் பெயரைச் சொல்லித் தேடிக் கிடைக்காத சில பாகங்கள், டிராக்டர் பெயரைச் சொன்னால் கிடைக்க வாய்ப்புண்டு. பாகத்துக்குப் பாகம் அளவு ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பல வருடம் நின்ற வண்டியை ஆவலில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பழைய பெட்ரோலை வடியுங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, ஹேண்டிலால் கையாலேயே சுற்றிப் பாருங்கள். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. பழைய ரப்பர் குழாய்களை அது அரித்துவிடும். அவற்றை மாற்றாமல் ஓட்டினால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

ஆர்.சி. புத்தகமே பாதி விலை

நான் கற்ற பெரிய பாடம் இதுதான். ஆர்.சி. இல்லாத கார், சட்டத்தின் கண்ணில் வெறும் இரும்பு. முதலில் அதைத் தேடி எடுங்கள். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

அடுத்து, அதில் "இறக்குமதி" என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து வருடம் கடந்த சொந்தக் காரின் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய் என்று கட்டணம் வந்தது. 2025 ஆகஸ்டில், இருபது வருடம் கடந்த வண்டிகளுக்கு இது 10,000, 80,000 என்று இரட்டிப்பானது. ஒரே ஒரு சொல்லுக்கு 70,000 ரூபாய் வித்தியாசம்! ஆகவே "சீமைக் கார்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிவந்தாலும், வண்டி இங்கே பூட்டப்பட்டதா, கப்பலில் முழுதாய் வந்ததா என்பதைத் தகட்டையும் பழைய பேப்பர்களையும் வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். எங்களுடையது நிஜமாகவே இறக்குமதி.

மாற்றுவழி ஒன்று 2021இல் வந்தது. முதல் பதிவு நடந்து 50 வருடம் கடந்த வண்டியை "வின்டேஜ்" என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். அப்புறம் ஐந்தைந்து வருடத்துக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே உள்ள பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிபந்தனை இரண்டு. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றை மாற்றியமைத்திருக்கக் கூடாது. அந்நாளில் டீசல் எஞ்சின் மாட்டிய வண்டிகள் இங்கேதான் அடிபடும். இரண்டாவது, அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கே வெளியே எடுக்கலாம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதும் கூடாது.

வாரிசுகள் கவனிக்க

உரிமையாளர் காலமானால் முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் தேவைப்படும். துக்கத்தில் நாங்கள் இதைக் கோட்டைவிட்டோம். பிறகு அபராதம் கட்டி, அக்காவிடமும் தம்பியிடமும் கையெழுத்து வாங்கி முடிக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுப் பதிவெண்ணுடன் வந்த கார் என்றால் இன்னொன்று. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடகப் பதிவுக்கு மாற்ற வேண்டும்.

மூன்று வழிகள்

வைத்துக்கொள்வது: மழை படாத இடம், மாதம் ஒருமுறை கவனிக்க ஓர் ஆள், வருடா வருடம் செலவு செய்ய மனம், மூன்றும் இருந்தால் மட்டும்.

உடைப்பது: வேறு வழியே இல்லையென்றால், அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். பதிவும் முறைப்படி ரத்தாக வேண்டும். தெருக்கோடிக் கடையில் கொடுத்தால், உங்கள் பெயரிலேயே உள்ள எண்ணில் நாளை எந்த வண்டி ஓடுமோ யார் கண்டது?

விற்பது: இங்கேதான் ரகசியம். செல்வாக்கில்லாத காரை வியாபாரி வாங்கமாட்டார், வாங்கினாலும் இரும்பு விலைக்கே கேட்பார். அதன் உண்மையான மதிப்பு அதே மாதிரிக் கார் வைத்திருக்கும் இன்னொருவருக்குத்தான் தெரியும். பெங்களூரில் கர்நாடக வின்டேஜ் அண்டு கிளாசிக் கார் கிளப் இருக்கிறது, சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் விசாரித்தால் ஆள் அகப்படுவார். "வண்டி வேண்டாம், ஆர்.சி. மட்டும் கொடுங்கள்" என்று வருபவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு வண்டியின் பேப்பரில் இன்னொரு வண்டியை ஓட்டுவது குற்றம்.

எங்கள் வண்டிக்கு அப்படி ஓர் ஆள் மைசூரிலிருந்து வந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர். சிறுவயதில் அவர் வீட்டிலும் வேன்கார்டு இருந்ததாம். ஒரு மணி நேரம் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். அவர் சொன்ன விலை தம்பி எதிர்பார்த்த இரும்பு விலையைப் போல் மூன்று மடங்கு. அக்கா மனத்தில் வைத்திருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வின்டேஜ் பதிவுக்கு ஆகும் செலவைத் தானே ஏற்பதாகச் சொன்னார்.

போகும் முன், அப்பாவின் சின்ன நோட்டுப்புத்தகத்தை அவர் பார்த்துவிட்டார். 1968 முதல் போட்ட பெட்ரோல், மாற்றிய பிளக், ஓடிய மைல் எல்லாம் அப்பாவின் குண்டு எழுத்தில். "வண்டியின் ஜாதகமே இதில் இருக்கிறது, கொடுத்தால் இன்னும் பத்தாயிரம் சேர்த்துத் தருகிறேன்" என்றார். அக்காவிடம் கேட்டேன். "காரைக் கொடு. நோட்டைக் கொடுக்காதே" என்றார். முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து அவருக்கு இனாமாகவே கொடுத்தோம்.

கார் லாரியில் ஏறிப் போயிற்று. நோட்டு அக்கா வீட்டுப் பீரோவில் இருக்கிறது. உங்கள் ஷெட்டிலும் ஒரு வண்டி நின்றால், பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதன் பேப்பர்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். அப்படியே அதன் கதையையும் கேட்டு எழுதி வையுங்கள்.