ஆன்டெனா கூடினால் மட்டும் வேகம் கூடாது

கோபுரத்திலும் கைப்பேசியிலும் பல ஆன்டெனாக்களை வைத்து, ஒரே அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் பல தரவு ஓடைகளை அனுப்பும் முறைக்கு மிமோ என்று பெயர். 1990களின் நடுவில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜெரார்டு ஃபோஷினியும் எம்ரே டெலாட்டாரும் இதன் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். இரு முனைகளிலும் ஆன்டெனாக்களைக் கூட்டக் கூட்ட, கூடுதல் அலைக்கற்றையோ மின்திறனோ இல்லாமலே வேகமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் ஏறும்.

அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு ஆன்டெனா ஜோடிக்கும் இடைப்பட்ட சிக்னல், மற்ற ஜோடிகளைச் சாராமல் தனியாக ஏறி இறங்க வேண்டும். தெருவில் இருக்கும் கைப்பேசிக்கு இது ஓரளவு பொருந்தும். சுவர்களிலும் வண்டிகளிலும் பட்டுத் தெறித்த அலைகள் அதை நாலாபுறமும் வந்தடைகின்றன. 3.5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 8.6 செ.மீ.; அதில் பாதி தள்ளி வைத்தாலே இரண்டு ஆன்டெனாக்களும் வெவ்வேறு சிக்னலைப் பெற்றுவிடும். கூரைகளுக்கு மேலே நிற்கும் கோபுரத்துக்கு அலைகள் குறுகிய ஒரு கோணத்திலிருந்தே வருகின்றன. அங்கே பல அலைநீளம் தள்ளி வைத்தால்தான் அந்த வேறுபாடு கிடைக்கும். இதைக் கணக்கில் எடுக்காத அலைப்பரவல் மாதிரி (model), களத்தில் கிடைக்காத வேகத்தைக் காகிதத்தில் காட்டிவிடும்.

ஆன்டெனாக்கள் பெறும் சிக்னல்களிடையே ஒற்றுமை இல்லாவிட்டாலும் வேகம் விழக்கூடும் என்பதுதான் இத்துறையின் மிக நுட்பமான பாடம். அனுப்பும் பக்கமும் பெறும் பக்கமும் அலைகள் நன்றாகச் சிதறுகின்றன. ஆனால் நடுவில் ஒரு சிறு துளை வழியாகவே எல்லாம் கடந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துளையில் எல்லா ஓடைகளும் ஒரே அலையாகக் கலந்துவிடும். அதற்கப்பால் எத்தனை ஆன்டெனா இருந்தாலும் அவற்றைப் பிரித்தெடுக்க வழியில்லை. இதுவே சாவித்துளை விளைவு. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அலை புகாத அறையின் சுவரில் துளையிட்டு இதை அளந்து காட்டினார்கள். வெளியுலகில் இது அரிது. ஆனாலும் ஆன்டெனா சிக்னல்களின் ஒற்றுமையை மட்டும் பார்த்து ஒரு மாதிரியை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அதனால் இன்றைய மாதிரிகள் சூழலின் வடிவத்திலிருந்தே தொடங்குகின்றன. செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் மாதிரி 0.5 முதல் 100 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் பொருந்துவது. அது அலைகளைக் கொத்துக் கொத்தாகப் பார்க்கிறது. புறப்படும் கோணம், வந்துசேரும் கோணம், தாமதம், வலிமை ஆகியவை கொத்துக்குக் கொத்து வேறு. பரந்த நகரப் பகுதிக்குக் கோபுர உயரம் 25 மீட்டர், நெருக்கமான தெருக்களுக்கு 10 மீட்டர் என்று வைத்து, கள அளவீடுகளிலிருந்து பெற்ற புள்ளிவிவரப்படி இம்மதிப்புகளைக் கணினி எடுத்துக்கொள்கிறது.

ஆன்டெனா வரிசை மிக நீளமானால் இதுவும் போதாது. லுண்டிலேயே 2.6 கிகாஹெர்ட்ஸில், 7 மீட்டருக்கும் நீளமான வரிசையின் 128 ஆன்டெனா நிலைகளில் அளந்தபோது, வரிசையின் ஒரு முனைக்குத் தெரிந்த கொத்து மறுமுனைக்குத் தெரியவில்லை. எந்தக் கொத்து வரிசையின் எந்தப் பகுதிக்குத் தெரியும் என்பதையும் சேர்த்தே இப்படிப்பட்ட பெரிய வரிசைகளுக்கான மாதிரிகள் எழுதப்படுகின்றன.