தேனிலவிலேயே திரும்பியவர்கள்

“அங்கே யாரும் ரோட்டுல ஒரு பாட்டிலைக்கூடப் போட மாட்டாங்க. நம்ம ஆளுங்களுக்கு அந்த ஒழுக்கமே கிடையாது.” ஒரு பருவம் ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த மாணவரிடம் பேச்சுக் கொடுத்தால், முதல் பத்து நிமிடத்துக்குள் இப்படி ஒரு தீர்ப்பு வந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் பாவம், தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள்.

மறைமலை நகர்ப் பக்கம் இப்படிப் போய் வருபவர்களுக்குப் பஞ்சமில்லை. ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளி பொத்தேரி, இறங்கினால் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகம். அங்கே ஒரு பருவத்தை வெளிநாட்டில் படிக்கும் திட்டமே உண்டு. இந்திய, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கைகோத்து நடத்தும் ‘ட்வின்னிங்’ படிப்புகளுக்கு யுஜிசி 2022இல் விதி வகுத்தது. அதன்படி மொத்த மதிப்பலகுகளில் 30 சதவீதம் வரை வெளிநாட்டில் பெறலாம். ஐரோப்பாவில் 1987 முதல் நடக்கும் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் படிப்புக்கான தங்கல் குறைந்தது இரண்டு மாதம், ஒரே மூச்சில் அதிகம் போனால் ஒரு வருடம். ஆக, பெரும்பாலோர் ஊர் பழகுவதற்குள் பெட்டி கட்டிவிடுகிறார்கள்.

இதில்தான் சிக்கல். நார்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வெரே லீஸ்கோர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று வந்த சுமார் இருநூறு நார்வேக்காரர்களிடம் பேசி, 1955இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் புதிய நாட்டோடு நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில், ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை இருந்தவர்கள்தான் தவித்திருக்கிறார்கள். முதலில் தேனிலவு போன்ற மயக்கம், பிறகு சலிப்பும் தனிமையும், அப்புறம் மெல்லப் பழக்கம் என்று போகும் அந்தப் பாதைக்கு ‘யு வளைவு’ என்று பெயர் நிலைத்தது. எல்லா ஊருக்கும் எல்லாருக்கும் இது அப்படியே பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்ததும் உண்டு. ஆனாலும் ஒரு பருவ மாணவர் விஷயத்தில் அது சொல்லும் செய்தி முக்கியமானது: அவர் தேனிலவு முடியும் முன்பே விமானம் ஏறிவிட்டார். வாடகை ஒப்பந்தத் தகராறையோ, குடியேற்ற அலுவலக வரிசையையோ, பேச ஆள் இல்லாத இரண்டாவது குளிர்காலத்தையோ அவர் பார்க்கவே இல்லை.

அதனால் அங்கே கண்ட நல்லதையெல்லாம் மக்களின் குணம் என்று எடுத்துக்கொள்கிறார். பெரும்பாலும் அது குணமில்லை, ஏற்பாடு.

அந்தப் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் வாங்கினால் 25 சென்ட் முன்பணம் சேர்த்துத்தான் பில் போடுவார்கள். காலி பாட்டிலைப் பல்பொருள் அங்காடியில் உள்ள இயந்திரத்தில் போட்டால் பணம் திரும்பி வரும். காசைச் சாலையில் வீச யாருக்கு மனம் வரும்? யாராவது போட்டுவிட்டுப் போனாலும், பொறுக்கி எடுத்துப் பணமாக்க ஆள் இருக்கிறார்கள். நம் நீலகிரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டோரம் கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பத் தொடங்கின. குடித்தவர்கள் ஒரே இரவில் ஜெர்மானியர்களாகிவிடவில்லை.

ரயில் கதை இன்னும் சுவாரசியம். “ஸ்டேஷனில் கேட்டே கிடையாது, நம்பி விடுறாங்க” என்று வியப்பார்கள். தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில் நிலையங்களில் மட்டும் என்ன, தானியங்கிக் கதவா இருக்கிறது? மறைமலை நகர் நிலையத்திலும் யாரும் தடுக்காமல் நடந்து போய் ரயில் ஏறலாம். இரண்டு ஊரிலும் நடைமுறை ஒன்றுதான்: எப்போதாவது பரிசோதகர் வருவார், சீட்டு இல்லாவிட்டால் அபராதம். அங்கே 60 யூரோ. இங்கே பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய். அங்கே அதற்குப் பெயர் நம்பிக்கை, இங்கே அலட்சியமா?

நேரம் தவறாமை பற்றியும் பெரிதாகச் சொல்வார்கள். பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். அந்தக் கால் மணி நேரத் தாமதம் பழைய மரபு. அட்டவணையிலேயே குறியீடு போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருப்பதும் சட்டம்தான். அது தெரியாமல் முதல் ஞாயிறு பிரெட்டோடு நாளை ஓட்டிய நம் பிள்ளைகள் ஏராளம்.

திரும்பி வந்த பிறகும் ஒரு சறுக்கல் உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லஹார்ன் தம்பதி 1963இல் ‘யு’வை நீட்டி ‘டபிள்யு’ ஆக்கினார்கள்: வெளிநாட்டில் ஒரு பள்ளம், சொந்த ஊரில் இன்னொன்று. ஜி.எஸ்.டி. சாலை ஹாரன் திடீரென்று காதைக் கிழிப்பதும், தயிர்சாதத்தை ஏங்கித் தின்றுகொண்டே ஊரைத் திட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

குறுகிய காலம் போய்வந்தால் எதுவும் தெரியாது என்பதல்ல. கோட்டையூர்க்காரர் ஏ.கே.செட்டியார் 1930களில் புகைப்படக் கலை படிக்க டோக்கியோ போனார். அடுத்து நியூயார்க்கில் 1937 வரை படித்தார். தமிழில் பயண இலக்கியத்துக்கு அவரே முன்னோடி என்கிறார்கள். தன் உணர்ச்சியைக் குறைத்து, கண்ட செய்தியை நிறைய எழுதியவர் அவர். இன்றைய மாணவருக்கும் அந்தப் பழக்கம் உதவும்.

போகும் முன் விசா, காப்பீடு, குளிர் உடை என்று கல்லூரிகள் வகுப்பெடுக்கின்றன. திரும்பி வந்து மூன்று மாதம் கழித்தும் ஒரு வகுப்பு எடுக்கலாம். அங்கே பிடித்துப்போன ஒரே ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டு, அது எந்தச் சட்டத்தால் நடக்கிறது, யார் பணம் கட்டுகிறார்கள், மீறினால் என்ன ஆகும் என்று நான்கு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.