ஆசீர்வாதமும் மூவிடமும்

கிறிஸ்தவ ஆராதனையின் ஈற்றிலே குருவானவர் கைகளை உயர்த்திக் கூறும் ஆசீர்வாதத்தை, வீட்டிற்குச் செல்ல விடைகொடுக்கும் சொல்லென்றே சபையாரிற் பலர் கருதுகின்றனர். இறுதிக் கீதம் தொடங்கிய அளவிலேயே குடையையும் செருப்பையும் நாடுவோர் இல்லாத ஆலயம் அரிது. வேறு சிலரோ, அஃது அவர் தம் பக்தியின் வலிமையால் அளிக்கும் வரமென்று எண்ணி, அவர் நல்லவராயிற் பலிக்கும், அல்லராயிற் பலியாது என்பர். இவ்விரு கொள்கையும் பொருந்தா என்பதை அவ்வாசியின் சொல்லமைப்பே தெளிவிக்கும்.

ஆசிகளுட் பெரும்புகழ் வாய்ந்தது எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்திலுள்ளது. ஆரோனும் அவன் குமாரரும் இஸ்ரவேலரை நோக்கிக் கூறுமாறு மோசேயின் வாயிலாகக் கற்பிக்கப்பெற்றது அது. எபிரெய மூலத்தில் மூன்றே வரிகள். முதல் வரியில் 3 சொற்களும், அடுத்ததில் 5 சொற்களும், இறுதியில் 7 சொற்களுமாக வளர்ந்து, காவலிற் றொடங்கிச் சமாதானத்தில் நிறைவுறுகின்றது.

இதனை மூவிடத்தில் வைத்து நோக்குக. அருள்புரியும் கர்த்தர் படர்க்கையில் நிற்கின்றார். கேட்போர் முன்னிலையில் நிற்கின்றனர். தன்மைக்கோ அங்கு இடமேயில்லை. ஆசி கூறும் ஆரோன் தன்னைக் குறித்து ஒரு சொல்லும் சொல்லுகின்றிலன். அடுத்து வரும் 27ஆம் வசனத்தில்தான் தன்மை தோன்றுகின்றது. ஆண்டுப் பேசுபவரோ கடவுள். ஆசாரியர் செய்வது தம் திருநாமத்தை மக்கள்மேல் வைப்பதே என்றும், ஆசீர்வதிப்பவர் தாமே என்றும் அவர் வரையறுக்கின்றார். ஆகவே கூறுவோரின் தகுதி ஆசியின் அளவுகோலாகாது. முன்னிலையும் ஒருமையாய் அமைந்திருத்தல் வியப்பன்றோ? பாளையமிறங்கிய பெருங்கூட்டத்தை நோக்கி நிற்பினும், ஆசாரியன் 'நீவிர்' என்னாது 'நீ' என்றே விளிக்கின்றான். கூட்டத்தின் கடைக்கோடியில் நிற்பானும் தனித்தே ஆசிபெறுகின்றான்.

இவ்வமைப்புத் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் புறநிலை வாழ்த்தில், வாழ்த்தப்படுவான் தொழும் தெய்வமே அவனைக் காத்து நிற்க, அவன் வழிவழிச் சிறக்கவென்று புலவன் பாடுவான். காப்பது தெய்வம், புலவன் நாவளவே. இனி, நம் வேதமொழிபெயர்ப்பு இவ்வாசிக்குக் 'கடவர்' என்னும் முடிபைக் கொண்டுள்ளது. இது கடன், கடப்பாடு என்பவற்றோடு உறவுடைய சொல். கடவுளை மனிதன் கடமைப்படுத்த இயலுமோ என்று சிலர் வினவலாம். தாமே தந்த வாக்கினால் தம்மைக் கட்டிக்கொண்டவர்க்கு அச்சொல் பொருந்துமென்றே யான் கருதுகின்றேன்.

இவ்வாசியின் பழமைக்கு ஒரு சான்று 1979இல் வெளிப்பட்டது. எருசலேமின் பழைய நகருக்குத் தென்மேற்கே, கேதேப் இன்னோம் என்னுமிடத்துக் கல்லறைக் குகையொன்றில் சிறு வெள்ளிச் சுருள்கள் இரண்டு கிடைத்தன. அரிதின் விரித்து நோக்கியபோது, இவ்வாசியின் சொற்கள் அவற்றிற் கீறப்பட்டிருக்கக் கண்டனர். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 6ஆம் நூற்றாண்டையோ சார்ந்தவை அவை என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் துணிபு. வேதவாக்கியம் பொறித்தனவாக இதுகாறும் கிடைத்தவற்றுள் இவற்றினும் பழையன இல்லை.

மனிதர் கடவுளை வாழ்த்துதற்கும் எபிரெயத்தில் அதே வினைதான் வழங்குகின்றது. நம் மொழிபெயர்ப்பாளர் அதனை இரண்டாகப் பிரித்து, மேலிருந்து வருவதை ஆசீர்வாதமென்றும், கீழிருந்து செல்வதை ஸ்தோத்திரமென்றும் வழங்கினர். பொருள் தெளிவாயிற்று, ஆயினும் இரண்டும் ஒரே சொல்லென்னும் நயம் மறைந்துபோயிற்று.

திருச்சபை வழக்கைச் சிறிது கூறுவாம். மார்ட்டின் லுத்தர் 1526இல் வகுத்த ஜெர்மானிய ஆராதனை முறையில் ஆரோனின் ஆசியையே முடிவில் வைத்தார். 1549இன் ஆங்கில ஜெபப் புத்தகமோ, பிலிப்பியர் 4:7இன் சமாதான வாக்கியத்தோடு திரியேகக் கடவுளின் ஆசியை இணைத்து நற்கருணை ஆராதனையை முடித்தது. இவற்றிலும் குருவானவர் தம்மைச் சுட்டுவதில்லை. காலை மாலை ஜெபங்களின் இறுதியிற் கூறப்படும் 2 கொரிந்தியர் 13:14 மட்டும் சற்றே வேறுபடும். பவுல் முன்னிலையில் எழுதிய அவ்வாக்கியத்தை அந்த ஜெபமுறை 'நம்மனைவரோடும்' என்னும் பொருளில் உளப்பாட்டுத் தன்மையாக மாற்றிற்று. அதனாற் குருப்பட்டம் பெறாத உபதேசியாரும் அதனைக் கூறலாம். கூறுங்கால் அவரும் பெறுவோர் வரிசையிலேயே நிற்கின்றார்.