பின் சீட்டுக்காரர் தேர்ந்தெடுக்கும் கியர்

ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா என்று நிறுவனங்கள் காலம்காலமாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்விக்கு டொயோட்டா ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. 2023-இல் 2.4 லிட்டர் டீசல் என்ஜினோடு திரும்ப வந்த இன்னோவா கிரிஸ்டாவில் ஐந்து கியர் மேனுவல் மட்டும்தான். அதற்குச் சற்று முன்னால் வந்த இன்னோவா ஹைகிராஸிலோ கிளட்ச் பெடலே கிடையாது. பெட்ரோல் ஆனாலும் ஹைபிரிட் ஆனாலும் ஆட்டோமேட்டிக்தான். டிராவல்ஸ்காரர்களும் தொழிற்சாலைகளும் கிரிஸ்டா பக்கம் போனார்கள். ஹைகிராஸ் மேலதிகாரிகளின் வீட்டு வாசலுக்குப் போனது. பெயர் ஒன்று, பாதை இரண்டு. குவாலிஸுக்குப் பதிலாக 2005-இல் வந்து இறங்கியதிலிருந்து கம்பெனி கார் என்றாலே நினைவுக்கு வருவது இன்னோவாதான் என்பதால், இந்தப் பிரிவினையை அலுவலகங்கள் அதிகம் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டன.

ஆனால் எல்லா நிறுவனமும் இன்னோவா வாங்குவதில்லை. ஸ்விஃப்ட், எர்டிகா, கிரெட்டா என்று இறங்கிவந்தால் ஒரே வண்டியில் இரண்டு கியர்பாக்ஸும் இருக்கும். முடிவு வாங்குபவர் தலையில் விழும். அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? அட்மின் பிரிவு மூன்று டீலர்களிடம் கொட்டேஷன் வாங்குகிறது. கணக்குப் பிரிவு மாத லீஸ் வாடகையைப் பார்க்கிறது. வண்டி யாருக்கு ஒதுக்கப்படுகிறதோ, அவர் சன்ரூஃப் இருக்கிறதா என்று பார்க்கிறார். நாள் முழுக்கக் கிளட்ச் மிதிக்கப்போகிற டிரைவரை மட்டும் யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. கம்பெனி கார் விஷயத்தில் தப்புக் கணக்கெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது என்பேன்.

மாலை ஆறரை மணிக்குச் சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் சோழிங்கநல்லூரிலிருந்து பெருங்குடி வரை மேனுவல் வண்டியில் வந்தவர்களுக்கு அந்தக் காலின் கஷ்டம் தெரியும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்குத் தடுப்பு போட்டுச் சாலை ஒடுங்கிய பிறகு நிலைமை இன்னும் மோசம். முதல் கியர், ஹாஃப் கிளட்ச், பத்தடி, பிரேக், நியூட்ரல். மறுபடி முதல் கியர். ஹாஃப் கிளட்ச்சில் வண்டி ஊரும்போதெல்லாம் கிளட்ச் தட்டு முழுதாகக் கவ்வாமல் வழுக்கிக்கொண்டே சுற்றுகிறது. வழுக்கல் என்றால் உராய்வு, உராய்வு என்றால் சூடு. காருக்குள் லேசாகக் கருகல் வாடை வந்தால், கிளட்ச் பிளேட் கொஞ்சம் கொஞ்சமாகத் தீய்கிறது என்று அர்த்தம். இது தேய்மானப் பொருள் என்பதால் வாரண்டியில் சாதாரணமாக வராது. அதற்கான பில் கம்பெனிக்குப் போகிறது. டிரைவரின் இடது முழங்கால் வலிக்கு யாரும் பில் போடுவதில்லை.

இதைக் கேட்டதும், "சரி, எல்லாமே ஆட்டோமேட்டிக்காக எடுத்துவிடுவோம்" என்று அட்மின் அவசரப்படும். அங்கேதான் அடுத்த சிக்கல். ஷோரூமில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று சொல்லி விற்பது ஒரே சாமான் அல்ல.

விலை குறைந்தது ஏ.எம்.டி. மாருதி 2014-இல் செலேரியோவில் கொண்டுவந்தபோது நம் நாட்டுச் சிறு கார் சந்தையே திரும்பிப் பார்த்தது. உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்ச்சும் அப்படியே இருக்கிறது. காலால் மிதிப்பதையும் கையால் கியர் தட்டுவதையும் ஒரு சிறு இயந்திரக் கருவி செய்கிறது, அவ்வளவுதான். பெடல் போய்விட்டதால் கிளட்ச்சும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வதுதான் வம்பு. கத்திப்பாரா மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் நின்று நின்று நகரும்போது கவனித்துப் பாருங்கள்: பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்துக்கொண்டு நிற்பார் ஒருவர். மேனுவலில் ஹாஃப் கிளட்ச் போட்டு நின்ற அதே பழக்கம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதே தட்டு, அதே சூடு, கடைசியில் அதே பில்.

ஏ.எம்.டி.யின் இன்னொரு குணம் தலையாட்டல். ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும் அந்தக் கணத்தில் கிளட்ச் விடுபட, இழுவை அறுந்து, உட்கார்ந்திருப்பவர் தலை முன்னால் போய் வரும். விஷயம் தெரிந்த டிரைவர் கியர் மாறும் நேரத்தை ஊகித்துக் காலைக் கொஞ்சம் தளர்த்துவார். ஆட்டம் பாதி குறையும். முன்னால் இருப்பவருக்கு இது பழகிவிடும். பின் சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்து மின்னஞ்சல் படித்துவரும் அதிகாரிக்கு அரை மணி நேரத்தில் குமட்டிக்கொண்டு வரும். டிரைவர் வைத்து ஓட்டப்போகும் வண்டிக்கு ஏ.எம்.டி. வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். தானே ஓட்டிக்கொண்டு போகும் இளநிலை ஊழியருக்கு அது தாராளமாகப் போதும்.

டார்க் கன்வெர்ட்டர் பழைய சங்கதி, நம்பகமானது. ஓடும் மின்விசிறிக்கு எதிரே நிறுத்திய இன்னொரு விசிறி காற்றின் வேகத்திலேயே சுற்றத் தொடங்குவதுபோல, என்ஜினின் சுழற்சி எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குப் போகிறது. வண்டியைக் கிளப்புவதற்குத் தேய்கிற தட்டு எதுவும் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே மெல்ல ஊரும். நெரிசலுக்கு இதைவிடத் தோதானது எது? எர்டிகாவில் இப்போது வரும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் இந்த வகைதான்.

சி.வி.டி.யில் கியர் படிகளே இல்லை. இரண்டு புல்லிகளும் நடுவே ஒரு பெல்ட்டும். நகரத்துக்குள் வழவழவென்று போகும். முந்துவதற்கு ஓங்கி மிதித்தால் என்ஜின் கத்துமே தவிர வேகம் நிதானமாகத்தான் ஏறும். டி.சி.டி.யில் இரண்டு கிளட்ச்: ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. நெடுஞ்சாலையில் சொர்க்கம். ஆனால் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகையாக இருந்தால் சிக்னல் சிக்னலாக ஊர்ந்துபோகும் வேலைக்கு அது ஏற்றதல்ல, சூடாகிவிடும்; பழுதானால் செலவும் கையைக் கடிக்கும். கம்பெனிக்கு வாங்குபவர் ‘உலர் கிளட்ச்சா, ஈரக் கிளட்ச்சா’ என்ற ஒரே ஒரு கேள்வியையாவது டீலரிடம் கேட்டுவிட வேண்டும். பதில் தெரியாமல் அவர் முழித்தால் சர்வீஸ் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள்.

மைலேஜ் குறையும் என்ற பழைய வாதம் இனி எடுபடாது. 2024-இல் வந்த ஸ்விஃப்ட்டுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு மேனுவலில் லிட்டருக்கு 24.80 கிலோமீட்டர், ஏ.எம்.டி.யில் 25.75. எர்டிகா பெட்ரோலில் மேனுவல் 20.51, ஆட்டோமேட்டிக் 20.30. சோதனைக்கூடத்துக் கணக்குதான், ஓ.எம்.ஆர் கணக்கல்ல, ஆனாலும் வித்தியாசம் டீ செலவுக்குக்கூடக் காணாது. விலைதான் உண்மையான வித்தியாசம்: சிறு கார்களில் ஏ.எம்.டி.க்கு ஏறத்தாழ ஐம்பதாயிரம், மற்ற வகைகளுக்கு ஒரு லட்சமும் அதற்கு மேலும். ஐம்பதாயிரத்தை நான்கு வருட லீஸில் பரப்பினால் வட்டி சேர்க்காமல் மாதம் ஆயிரத்துச் சொச்சம் வரும். டிரைவருக்கு ஒழுங்காக ஓவர்டைம் கொடுக்கும் நிறுவனத்துக்கு இது ஒரு தொகையே அல்ல.

வருமான வரிக்கும் கியருக்கும் நம் நாட்டில் சம்பந்தமில்லை. கம்பெனி கொடுத்த காரைச் சொந்த வேலைக்கும் வைத்துக்கொள்ளும் ஊழியருக்கு அது எவ்வளவு சலுகை என்று மதிப்பிட, என்ஜின் 1.6 லிட்டரைத் தாண்டுகிறதா என்பதைத்தான் விதி பார்க்கிறது; டிரைவர் இருந்தால் அதற்கு ஒரு தொகை கூடும். பிரிட்டனில் கதை வேறு. 2002 ஏப்ரலிலிருந்து அங்கே கம்பெனி கார் வரி, வண்டி கக்கும் கார்பன் டை ஆக்ஸைடு அளவைப் பொறுத்தது. அந்நாளைய ஆட்டோமேட்டிக் மேனுவலைவிட அதிகம் புகை கக்கியதால், அதைத் தேர்ந்தெடுத்த ஊழியரின் சம்பளத்தில் வரியும் கூடுதலாகப் பிடிபட்டது. உடல்நிலை காரணமாக ஆட்டோமேட்டிக் தவிர வேறு ஓட்ட முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கு, அதே வண்டியின் மேனுவல் கணக்கை வைத்து வரி போடலாம் என்று விலக்கு தந்தார்கள். அங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. ஆட்டோமேட்டிக்கில் ஓட்டிக்காட்டி உரிமம் வாங்கியவர் மேனுவலைத் தொடக்கூடாது. பொது உபயோகத்துக்கு நிற்கும் வண்டியின் சாவியைக் கொடுக்கும் முன் உரிமத்தைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும்.

நம்மூர்ச் சங்கடம் ஆக்டிங் டிரைவர். வழக்கமான டிரைவர் லீவு போட்ட அன்று வருகிறவர், இருபது வருடம் மேனுவலே ஓட்டிய கை. ஆட்டோமேட்டிக்கில் உட்கார்ந்து, வேகம் குறைக்கும்போது பழக்கதோஷத்தில் இடது காலால் கிளட்ச்சைத் தேடுவார். அங்கே இருப்பது அகலமான பிரேக் பெடல். கிளட்ச் மிதிக்கும் முழு பலத்தோடு அதை மிதித்தால் பின் சீட்டுக்காரர் முன் சீட்டில் போய் முட்டுவார். இடது காலைப் பின்னால் மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்லி, அலுவலக வளாகத்துக்குள்ளேயே நாலு சுற்று ஓட்டவிட்டு, பிறகு சாலைக்கு அனுப்பினால் போதும். இதற்குப் பயந்து மேனுவல் வாங்குவது அர்த்தமில்லாத வேலை.

மேனுவலுக்கு நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போய்வரும் விவசாய இடுபொருள் நிறுவனத்துக்காரர் இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டு என்ஜின் பிடிமானத்திலேயே வண்டியை இறக்குவார். ஆட்டோமேட்டிக்கிலும் கியரைத் தாழ்த்திப் பிடிக்க வழி உண்டு. ‘டி’யில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம், பிரேக் சூடாகிப் பிடிப்புக் குறைந்த பிறகுதான் ஞாபகம் வரும். பேட்டரி இறங்கினால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். வழியில் நின்றால் நியூட்ரலில் போட்டுக் கயிறு கட்டி இழுத்துவிடலாம். ஆட்டோமேட்டிக் என்றால் பெரும்பாலும் வண்டியையே தூக்கி ஏற்றும் லாரிக்குக் காத்திருக்க வேண்டும். நகரத்தை விட்டுத் தள்ளி, பெரிய சர்வீஸ் சென்டர் இல்லாத ஊர்களில் நாள் முழுக்கச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிக்கு, அதிலும் மேனுவலை அவரே விரும்பிக் கேட்டால், நான் மறுபேச்சு பேச மாட்டேன்.

மின்சார கார் வந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்டின் மின்சார கார் ஆலை திறந்தாயிற்று. அந்த வகைக் கார்களில் பொதுவாக மாற்றுவதற்குக் கியரே இல்லை. ஆனால் இன்றைக்கு லீஸ் கையெழுத்துப் போடுகிற நிறுவனத்துக்கு இன்னும் நான்கைந்து வருடம் பெட்ரோல் வண்டியோடுதான் பிழைப்பு என்றால், செய்ய வேண்டியது ஒன்று. டெஸ்ட் டிரைவ் வண்டியை ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிச் சாலையில் ஓட்டிப் பார்க்காமல், வேலை நாள் மாலையில், அன்றாடம் போகிற அதே வழியில், அன்றாடம் ஓட்டப்போகிறவரையே ஓட்டவிட்டுப் பாருங்கள். முடிவெடுக்கும் அதிகாரி பின்னால் உட்காரட்டும். டீலர்கள் தங்கள் வழக்கமான சுற்றை விட்டு விலகச் சம்மதிப்பது கஷ்டம்தான். நான்கைந்து வண்டிக்கு மொத்தமாக ஆர்டர் தரும் நிறுவனத்துக்கு மறுக்க மாட்டார்கள். ஒரே ஒரு வண்டி என்றால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.