கணக்கு டயரில் தொடங்கட்டும்

நான்கு சக்கர இயக்கம் உள்ள ஜீப் ஒன்று பள்ளத்தில் குறுக்காக இறங்கி நிற்கிறது. முன்பக்கம் ஒரு சக்கரம் அந்தரத்தில், பின்பக்கம் எதிர்மூலைச் சக்கரம் அந்தரத்தில். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த இரண்டும் விர்ரென்று சுழல்கின்றன. தரையில் அழுந்தி நிற்கும் மற்ற இரண்டும் அசைந்துகொடுப்பதில்லை. பார்ப்பவர்கள் எஞ்சினில் பலம் போதவில்லை என்பார்கள். உண்மையில் எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் வண்டி நிற்கிறது. திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிடும் இந்தப் பல்சக்கரத் தொகுப்புக்கு, ஒனேசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கைவினைஞர் 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்றார். சுலபமாகச் சுற்றும் சக்கரத்துக்கே இது எல்லாப் பலத்தையும் அனுப்பிவிடுகிறது என்று பலரும் சொல்வார்கள். அது தவறு. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தருகிறது. சேற்றில் வழுக்கும் சக்கரம் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் ஏற்காது என்றால், பாறையைக் கவ்வி நிற்கும் மறுபக்கத்துக்கும் அதே 200தான். வண்டி நகர அது போதாது.

ஆகவே காட்டுப்பாதைக்கென்று வண்டியை மாற்றி அமைப்பவர்கள் முதலில் டிஃபரன்ஷியலில், இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சேர்ந்து சுற்றவைக்கும் பூட்டு போட நினைப்பது நியாயமானதே. ஆனால் எந்தப் பூட்டு, எந்த ஆக்சில், எந்தக் கியர் விகிதம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, டயர். இதற்கு ஜீப் ராங்லர் ரூபிகானைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலையில் உள்ள கரடுமுரடான ரூபிகான் தடத்தின் பெயரைத் தாங்கி 2003-இல் வந்த வண்டி அது. முன்னும் பின்னும் பூட்டக்கூடிய டிஃபரன்ஷியல், 4.10 ஆக்சில் விகிதம், நான்கு மடங்கு வேகத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றோடு அது தொழிற்சாலையிலிருந்தே இறங்கியது. 2005-இல் வந்த ஆறு கியர் பெட்டியின் முதல் கியர் 4.46. மூன்றையும் பெருக்கினால் 73. அதன் 4 லிட்டர் எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை சுமார் 319 நியூட்டன் மீட்டர். இழப்புகளைக் கழிக்காமல் பார்த்தால் சக்கரங்களுக்குப் போய்ச் சேரக்கூடியது 23,000-ஐத் தாண்டும். சக்கரம் இதில் எவ்வளவை ஏற்கும்? உலர்ந்த பாறையில் ஒரு சக்கரத்தின் மீது 700 கிலோ எடை இருந்து, உராய்வுக் கெழு 1 என்று வைத்துக்கொண்டால், 30.5 அங்குல டயர் சுமார் 2,650 நியூட்டன் மீட்டரில் வழுக்கிவிடும். அதாவது டயரின் பிடிதான் இந்த அமைப்பின் ஃபியூஸ். அதே எடையில் 35 அங்குல டயரைப் போட்டால், ஆரம் கூடிவிட்டதால் அது 3,050 வரை வழுக்காமல் தாங்கும். எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல், ஆக்சில் ஷாஃப்டின் மீது விழும் உச்சச் சுமை 15 சதவீதம் ஏறிவிட்டது. எஞ்சின் பலத்தைக் கூட்டச் செலவழிக்கும் பணம் மணல்மேட்டில் உதவலாம். பாறையில் அது வீண் செலவு.

பூட்டு போடாத ஆக்சிலில் இந்தச் சுமை இன்னும் குறைவு. பிடி குறைந்த சக்கரம் எவ்வளவு ஏற்கிறதோ அவ்வளவுதான் மறுபக்க ஷாஃப்டுக்கும் போகும். பூட்டியதும் கதை மாறுகிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால் ஆக்சிலுக்கு வரும் முழு முறுக்குவிசையும் ஒற்றை ஷாஃப்டில் இறங்கும். ராங்லரின் மலிவான வகைகளில் பின்னால் வந்த டானா 35 ஆக்சிலை ஆர்வலர்கள் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். அதன் ஷாஃப்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது ஒரு சிறு சி-கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே ஹவுசிங்கைவிட்டு வெளியே நழுவி வரலாம். டானா 44-இல் ஷாஃப்ட் தடிமன், கிரவுன் சக்கரம் பெரிது. முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், பத்து சதவீதம் தடித்த ஷாஃப்ட் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வலிமை தருகிறது. வேறு ஆக்சில் வாங்க முடியாதவர்கள் குரோம்–மாலிப்டினம் கலந்த எஃகு ஷாஃப்டுக்கு மாறுவார்கள். அது பலனுள்ள மாற்றமே. ஆனால் ஷாஃப்ட் தாங்கினால் உடைய வேண்டியது யூ ஜாயின்ட்டாகவோ கிரவுன்–பினியனாகவோ இருக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பாதி வழியில் மாற்றிப்போடக்கூடிய பாகம் எதுவோ, அது முதலில் உடையட்டும் என்று திட்டமிடுவதே புத்திசாலித்தனம். யூ ஜாயின்ட்டை மரத்தடியில் வைத்து மாற்றலாம், பினியனை முடியாது.

அடுத்தது விகிதம். 30.5-லிருந்து 35 அங்குலத்துக்குப் போனால், பழைய இழுவை திரும்பக் கிடைக்க 4.10-ஐ 35-ஆல் பெருக்கி 30.5-ஆல் வகுக்க வேண்டும், விடை 4.70. பெரிய டயரின் கூடுதல் எடையையும் கருதிப் பலர் 4.88-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னும் ஆழமாக 5.13 போட்டால் என்ன என்ற ஆசை வரும். டானா 44-இல் 4.10 என்பது 41 பல் கிரவுனும் 10 பல் பினியனும், 4.88-இல் அது 39-க்கு 8 ஆகிறது. பினியன் சிறுத்துவிட்டது, ஒரே நேரத்தில் கடித்து நிற்கும் பல்பரப்பும் குறைந்துவிட்டது. மறுபக்கம், ஆக்சிலில் அதிகம் குறைத்தால் அதற்கு முன்னால் உள்ள புரொபல்லர் ஷாஃப்டுக்குச் சுமை குறைகிறது என்ற லாபமும் உண்டு. ஆகவே டயருக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இன்னொன்று: முன்னும் பின்னும் விகிதம் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். பின் ஆக்சிலை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கரத்தையும் இணைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் பழுதாகும். செலவுக் கணக்கில் பலர் மறப்பது இதைத்தான்.

இப்போது பூட்டுக்கு வருவோம். வெர்னன் கிளீஸ்மேன் கண்டுபிடித்து 1958-இல் காப்புரிமை பெற்ற டோர்சன் வகை, பிடியுள்ள சக்கரத்துக்குப் பிடியில்லாததைவிட இரண்டு மூன்று மடங்கு முறுக்குவிசை தரும். ஈரச் சாலையிலும் மண்பாதையிலும் அருமையான பொருள். ஆனால் சக்கரம் அந்தரத்தில் இருந்தால் அதன் பிடி பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யமே. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வி ஓட்டுநர்களுக்கு, ஆக்சிலரேட்டரோடு பிரேக்கையும் லேசாக மிதிக்கக் கற்றுத்தருவது இந்தக் குறையைச் சமாளிக்கத்தான். பிரேக் கொடுக்கும் எதிர்ப்பு பூஜ்யத்தைப் பூஜ்யமல்லாததாக ஆக்குகிறது. கிளட்ச் தட்டு வைத்த லிமிடெட் ஸ்லிப் வகை காலப்போக்கில் தேய்ந்து சாதாரண டிஃபரன்ஷியல் போலவே ஆகிவிடும். டெட்ராய்ட் லாக்கர் போன்ற தானியங்கிப் பூட்டுகள் உறுதியானவை, ஆனால் ராங்லர் மாதிரிக் குட்டையான வண்டியில் தார்ச்சாலைத் திருப்பங்களில் வாலை இழுக்கும், சத்தம் போடும். மிஞ்சுவது நாமே போட்டு எடுக்கும் பூட்டு: ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் விற்கும் காற்றழுத்தப் பூட்டு, அல்லது மின்காந்தத்தால் இயங்குவது. விலை அதிகம், கம்ப்ரஸர், குழாய், வயர் என்று பழுதாக இடமும் அதிகம். ஆனாலும் பாறைப்பாதைக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். பக்கவாட்டுச் சரிவில் ஈரமண்ணில் பூட்டிய ஆக்சிலின் இரண்டு டயரும் ஒரே நேரத்தில் வழுக்கி வண்டியே கீழ்நோக்கிச் சரியும். அந்த இடத்தில் ஒரு பொத்தானை அமுக்கிப் பூட்டைத் திறக்க முடிவது பெரிய பாதுகாப்பு. முதலில் பின் ஆக்சிலுக்கு, பணம் இருந்தால் பிறகு முன் ஆக்சிலுக்கு. முன்பக்கம் பூட்டிவிட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மிதிப்பதுதான் யூ ஜாயின்ட்டை உடைக்கும் நேர்வழி.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. வழுக்கும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தும் மின்னணு முறை இன்று பல வண்டிகளில் இருக்கும்போது பூட்டு எதற்கு என்பது முதலாவது. அந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சக்கரம் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் அது விழித்துக்கொள்ளும், நீண்ட ஏற்றத்தில் பிரேக்கும் சூடேறும். வருடத்துக்கு இரண்டு முறை மண்பாதையில் போகிறவருக்கு அதுவே தாராளம். இரண்டாவது ஆட்சேபம் கனமானது: பூட்டுதான் ஷாஃப்டை உடைக்கிறது என்பது. மேலே சொன்ன கணக்கே அதற்குச் சாட்சி போலத் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கு மெல்ல ஏறும் சுமைக்கானது. பூட்டில்லாதவர் மேடேற என்ன செய்கிறார்? பின்வாங்கி, வேகமெடுத்து மோதுகிறார். வேகமாகச் சுழலும் சக்கரம் காற்றிலிருந்து பாறைமீது விழுந்து சட்டென்று நிற்கும்போது, சுழலும் பாகங்களின் வேகம் முழுவதும் ஒரே அதிர்ச்சியாக ஷாஃப்டில் இறங்குகிறது. பூட்டிய வண்டி அதே மேட்டை நடை வேகத்தில் ஊர்ந்து ஏறும். பூட்டு போட்ட பிறகும் பழைய வேகத்தில் மோதுகிறவருக்கு எந்த ஆக்சிலும் தாங்காது.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மஹிந்திரா தாரின் சில வகைகளில் பின் ஆக்சிலுக்குத் தானாக விழும் ஈட்டன் பூட்டு தொழிற்சாலையிலேயே வருகிறது; ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் பூட்டு உண்டு. வாங்கும்போதே அவற்றைத் தேர்வது பிறகு மாற்றுவதைவிட மலிவு. தவிர, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தயாரிப்பாளரின் அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்கிறது.

எதை வாங்கினாலும் பாதி விஷயம் பட்டறையில் இருக்கிறது. புதிய கிரவுன்–பினியனைப் பொருத்தும் நல்ல மெக்கானிக் பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, கையால் சுற்றி, பல்லின் எந்தப் பகுதியில் பசை தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். தடம் பல்லின் உச்சியிலோ அடியிலோ விழாமல் நடுவில் படிய வேண்டும்; பற்களுக்கிடையே உள்ள இடைவெளி டானா 44-இல் சுமார் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர். முடியிழை அளவுள்ள தகடுகளைப் போட்டும் எடுத்தும் இதைச் சரிசெய்ய ஒரு நாள் பிடிக்கலாம். அவசரப்படுத்தாதீர்கள்; மூடியைப் பூட்டும் முன் அந்தத் தடத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். முதல் ஓட்டம் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பிறகு நன்றாக ஆறவிடுங்கள். 800 கிலோமீட்டர் ஆனதும் கியர் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றிவிடுங்கள்.