கூடாரம் அடிக்க முன் பற்றுச்சீட்டைக் கேளுங்கள்

ஆகஸ்ட் விடுமுறை தொடங்கினால் கற்பிட்டி வீதியில் வான்கள் வரிசை கட்டும். கூரையில் கூடாரமும் பாயும் பெரிய சோற்றுப் பானையும், உள்ளே மூன்று தலைமுறை. தலவில புனித அன்னாள் ஆகஸ்ட் திருவிழாவுக்கு வருகிறவர்களும் அப்போதுதான் கடற்கரையோரம் தங்குகிறார்கள். அந்த மாதத்துக் கடல் எப்படிப்பட்டது என்று இவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் தென்மேல் பருவக்காற்று ஓயாது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீரில் சறுக்குகிற வெளிநாட்டவர் கற்பிட்டிக்கு வருவதே அந்தக் காற்றுக்காகத்தான். இந்தக் கரையின் மீனவர்களில் பலரோ வலையையும் படகையும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வாடி போட்டுவிடுவார்கள். கடலிலேயே பிழைக்கிறவன் விலகிப் போகிற கடலில், நீச்சல் தெரியாத பிள்ளையை இடுப்பளவு தண்ணீரில் விட்டுவிட்டுச் சோறு சமைக்கிறோம். நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி முட்டி மோதாதீர்கள். மிதந்தபடி கரைக்குப் பக்கவாட்டாக நகர்ந்து, இழுவை விட்டதும் திரும்புங்கள். டொல்பின் பார்க்கவென்றால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வாருங்கள். ஆகஸ்டில் வேண்டாம்.

படகில் ஒரு தந்தை உயிர்காப்பு அங்கியை மடித்துத் தனக்கு ஆசனமாகப் போட்டிருந்ததைக் கண்டேன். மகனுடைய அங்கியில் கொக்கி உடைந்து, நைலோன் கயிற்றால் கட்டியிருந்தது. ஏறுமுன் ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பாருங்கள். பிள்ளையின் அளவுக்கு அங்கி இல்லையென்றால் இறங்கிவிடுங்கள்.

காட்டைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. புத்தளத்திலிருந்து எழுவன்குளம் வழியாக வில்பத்து கிட்டத்தான். ஆனால் அது மழைக்காடல்ல. சிறுத்தையும் கரடியும் யானையும் உலவும் வறண்ட காடு. அங்கே நடந்து திரிய அனுமதி இல்லை, வாகனத்தில்தான் போகலாம். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் ஒதுக்கிய இடங்களில், முன்பதிவு செய்தவர்கள் மட்டுமே கூடாரம் அடிக்கலாம். மழைக்காட்டில் நடக்க ஆசையென்றால் சிங்கராஜாவுக்குப் போங்கள். நுழைவாயிலில் வன பாதுகாப்புத் திணைக்களத்தின் சீட்டை எடுத்து, வழிகாட்டியுடன் உள்ளே செல்லுங்கள். அதன் நுழைவாயில் ஒன்றின் பெயரும் குடாவ, கற்பிட்டியிலும் ஒரு குடாவ உண்டு. பதியும்போது மாவட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனிப் பணம். தொலைபேசியில் பேசி, வங்கிக் கணக்குக்கு முற்பணம் அனுப்பி, வந்து பார்த்தால் சொன்ன இடமும் இல்லை, கழிவறையும் இல்லை. வாய்ச்சண்டை போட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். அப்படித் திரும்பாதீர்கள். பணம் அனுப்புமுன் என்னென்ன தருகிறார் என்பதைக் குறுஞ்செய்தியிலாவது எழுதி வாங்குங்கள். பெயர், முகவரி, திகதி, தொகை எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். இவற்றின் பிரதிகளை வங்கிச் சீட்டுடன் இணைத்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். விசாரிக்க 1977ஐ அழையுங்கள். சுற்றுலா தொடர்பான முறைப்பாட்டுக்கு 1912.

திருட்டு, தாக்குதல், விபத்து என்றால் பொலிஸ் நிலையம். இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள்: சிங்களத்தில் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லாமலே கையொப்பம் வைத்துவிடுகிறார்கள். அரச அலுவலர்களோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்திருக்கிறது. தமிழ் தெரிந்தவர் இல்லை என்பது அவர்களுடைய குறை, நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. புரியாத எழுத்தின் கீழ் கையொப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள்.

கடைசியாக ஒன்று: பாம்பு கடித்தால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை.